வயிறு நனைத்து வந்த ஆள்காட்டி

என் படக்கார மாமாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன்னாலும் எழுதினதில்லை. மாமன் வீடு நாலு காடு தள்ளித்தான் இருந்தது, வரப்பில் நின்று குரல் கொடுத்தால் போதும். இப்போது குரல் எட்டாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முதலில் வீட்டுச் சேதி. கோழிகள் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது ஷெட்டில் முட்டை கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறிவிட்டது. எருமப்பட்டி சந்தைக்கு நான் இப்போது ஸ்கூட்டரில் போகிறேன், விழவில்லை. நம் மகன் கோகுல் இளைத்துவிட்டான். மாசியில் நீங்கள் போனதிலிருந்து தீவனம் அரைப்பதும் முட்டை ஏற்றுவதும் அவன் தலையில்தான்.

உங்கள் கலர் பென்சில்கள் அப்படியே இருக்கின்றன. முப்பது குழி முட்டை அட்டையில் குழிக்கு ஒரு நிறமாக நீங்கள் நட்டு வைத்தபடி. பாதி தேய்ந்த பென்சிலுக்குத்தான் அட்டையில் இடம், புதுசெல்லாம் உங்கள் சட்டைப் பையில். துவைக்கும்போது எத்தனை பென்சிலை அந்தப் பையிலிருந்து எடுத்திருப்பேன்! எடுத்துக்கொண்டே எவ்வளவு திட்டியிருப்பேன்!

பண்ணையின் எதிரியை எதிரில் வைத்துப் படம் போட்ட ஒரே கோழிப்பண்ணைக்காரர் இந்தச் சீமையில் நீங்களாகத்தான் இருக்கும். கீரி முட்டையை உருட்டிக்கொண்டு போகும், நான் விளக்குமாற்றோடு ஓடுவேன். நீங்கள் கையை நீட்டி என்னை மறிப்பீர்கள்.

"இரு புள்ள, வாலு இன்னும் முடியலை."

"அது முட்டை திருடிட்டுப் போகுதுங்க. நீங்க அதுக்கு வால் வரைஞ்சிட்டிருக்கறீங்க!"

"ஒரு முட்டைக்கு இத்தனை நேரம் நின்னு குடுத்திருக்குது. நமக்குத்தான் லாபம்."

எருக்குழி ஓரம் வெயில் காய்ந்த உடும்பு, கம்பியில் உட்கார்ந்த கரிச்சான், வேலி மேல் ஓணான், எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. கரிச்சானுக்கு முதலில் நீலம் பூசி அதன்மேல் கறுப்பைப் பூசினீர்கள். கறுப்புக் குருவிக்கு எதுக்குங்க நீலம் என்று கேட்டேன். "வெயில்ல பாரு, தெரியும்" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதமே. ஆள்காட்டிக் குருவியை நீங்கள் வரைந்த பக்கம்.

இரண்டு வருஷம் முன்பு, கோடையில் போட்டது. மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, கறுப்பு நெஞ்சு, எல்லாம் சரியாக இருந்தது. வயிறு மட்டும் சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. ஆள்காட்டி வயிறு வெள்ளை என்று இந்தக் காட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? பென்சில் அழுக்கு பட்டுவிட்டது என்றே நினைத்தேன். நீங்கள் தீவன லாரிக்காரரோடு பேசப் போயிருந்தீர்கள். ரப்பரை எடுத்து, என் புத்தியைச் சொல்ல வேண்டும், பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்து வெள்ளையாக்கி வைத்தேன். தாள் அங்கங்கே பிய்ந்துகூடப் போனது.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். திட்டவில்லை. "நான் பார்த்தது அப்படித்தான் புள்ள இருந்துது" என்று மட்டும் சொல்லி நோட்டை மூடினீர்கள். அன்றைக்கே எப்படி என்று கேட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

மேற்கே சரளைக் காட்டில் மூன்றாவது ஷெட் போட வேண்டும் என்று நீங்கள் இருக்கும்போதே பேசினோமே, கோகுல் இந்த ஆனியில் நாள் குறித்துவிட்டான். பூஜைக்குச் சொல்லி, பொக்லைனுக்குச் சொல்லி, குஞ்சுக்கும் சொல்லி வைத்துவிட்டான். நாளுக்குப் பத்து நாள் முன்பு, தண்ணீர்த் தொட்டி எங்கே வரும் என்று பார்க்க அந்தக் காட்டுக்குள் நடந்தேன். தலைக்கு மேலே ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டு பாய்ந்தது. சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு குனிந்தேன். குனிந்ததால் தெரிந்தது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி, கல்லோடு கல்லாக நாலு முட்டை. கூடும் இல்லை, குச்சியும் இல்லை. கூரான முனைகளை உள்ளே சேர்த்து வைத்துக் கிடந்தன. தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையைக் கையால் தொடுகிற எனக்கு அந்த நாலு தெரியவில்லை மாமா.

கோகுலிடம் சொன்னேன்.

"ஏம்மா, நாலு முட்டைக்காவ வேலையை நிறுத்தோணுங்களா? இந்த நாளை விட்டா ஆடி வந்துரும். அப்பறம் ஆவணிதான். ஆளுங்க வேற ஊருக்குப் போயிருவாங்க."

"பொரிச்சுப் போகட்டும் சாமி. அப்பறம் எடுத்துக்க."

"நம்ம முட்டைக்காரங்கம்மா! ஊருல கேட்டாச் சிரிப்பாங்க."

சிரிக்கட்டும் என்றேன். எதற்கு அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அது உங்கள் நோட்டிலிருந்த பறவை, அதன் வயிற்றை அழித்தவள் நான், அவ்வளவுதான் மனசில் இருந்தது. பொக்லைன்காரர் வேறு போன் போட்டு, "ஏனுங்கம்மா, மண்ணெடுக்கறதுங்களா வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாமுங்க என்று நானே சொன்னேன். கோகுல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் போட்டுச் சாப்பிட்டான்.

அதற்குள் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

இந்த வருஷம் ஆனி வெயிலும் சித்திரை வெயில் மாதிரிதான் இருந்தது. நம் ஷெட்டில் வெயில் ஏறினால் என்ன செய்வோம்? ஓரத்தில் நனைந்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவோம். கோழி வளர்க்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? நாலு குச்சி நட்டு, கோணியை நன்றாக நனைத்து, முட்டைக்கு மேலே பந்தல் போட்டுவிட்டேன். பறவை கத்தியது. நல்லதுக்குத்தான் செய்கிறேன், அப்புறம் புரியும் என்று அதனிடமே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது பறவை தூரத்தில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பந்தல் பக்கமே வரவில்லை. பந்தல் குச்சி மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. கீழே மூன்று முட்டைதான் முழுசாக இருந்தது.

காக்காயைத் துரத்திவிட்டுக் கோணியையும் குச்சியையும் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடிவந்தேன். பறவை திரும்பி வராவிட்டால் மீதி மூன்றும் அந்த வெயிலில் வெந்துவிடும் என்று நினைத்து அழுதேன். கோகுல் சொன்னபடியே பொக்லைனை விட்டிருந்தால் இந்தப் பாவமாவது என் கையால் நடந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பறவை ஷெட் கழுவின தண்ணீர் தேங்குகிற குட்டைக்குப் போனது. குடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அது தண்ணீருக்குள் உட்கார்ந்தது. உட்கார்ந்து வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து நன்றாக நனைத்துக்கொண்டது. பிறகு எழுந்து, மஞ்சள் காலை எட்டி வைத்து, சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. உட்காரும் முன்னால் அந்த வயிற்றைப் பார்த்தேன். வெள்ளை இல்லை மாமா. சேற்றுத் தண்ணீரில் நனைந்து சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

நீங்கள் போட்டது அழுக்கில்லை. முட்டைக்கு அது தண்ணீர் கொண்டு வருவதைப் போட்டிருந்தீர்கள். என் கோணி அதற்குத் தேவையே இல்லை.

மறுநாள் முதல் காவலுக்கு உட்கார்ந்தேன். காலை வேலை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி, கையில் காக்காய்க்கு ஒரு கவண். சும்மா உட்கார முடியுமா? உங்கள் நோட்டையும் முட்டை அட்டையையும் எடுத்து வந்தேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று ஒரு தைரியம். வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டினேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே மாசத்தை எழுதுவது உங்கள் பழக்கம் அல்லவா? கடைசிப் படம் பனங்காடை, இறக்கை விரித்தது. அடியில் ஐப்பசி என்று இருந்தது. அதற்கப்புறம் எல்லாம் வெறும் தாள்.

கார்த்திகை, மார்கழி, தை. மூன்று மாசமும் தினமும் நோட்டோடு இதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்களே! தீவன மூட்டை இறங்கும்போதும் உட்கார்ந்திருப்பீர்கள். முட்டை வண்டி வந்தாலும் பாதியில் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். "படம் போட்டாச் சோறு வந்துருங்களா?" என்று எத்தனை தடவை கேட்டேன். நீங்களும் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வீர்கள். கிட்டே வந்து ஒரு தடவையாவது என்ன வரைகிறீர்கள் என்று பார்த்தேனா? பார்த்திருந்தால் தாள் வெறுமையாக இருப்பது தெரிந்திருக்கும்.

மாசியில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார். "ரெண்டு மூணு மாசமாவே மூச்சு வாங்கியிருக்குமே, யாரும் பார்க்கலீங்களா?" இல்லீங்க என்றேன். அது உண்மைதான். மூச்சு வாங்க உட்கார்ந்தவரைப் படம் போட உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? நான் கத்துவேன் என்றா? ஷெட் வேலை நின்றுவிடும் என்றா? சொல்லுங்கள் என்று இப்போது கேட்டு என்ன?

அன்றைக்குப் படம் போடவில்லை. மறுநாள்தான் போட்டேன். எனக்கு வரவில்லை. கால் தடித்துவிட்டது, மூக்கு கோணிவிட்டது. கோகுல் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, வாத்துங்களா?" என்றான். அந்தச் சண்டைக்கு அப்புறம் அவன் என்னோடு சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் தினமும் வந்து பார்த்தான். ஒரு நாள் அவனே, "அம்மா, ரெக்கை வெறும் பழுப்பு இல்லீங்க, வெயில்ல பச்சையடிக்குது" என்றான். பார்த்தேன், அடித்தது. அடியில் பச்சை பூசி மேலே பழுப்பைப் பூசினேன். உங்கள் கரிச்சானுக்கு நீலம் ஏன் என்பது அப்போது விளங்கிற்று. ஆனி முழுக்கப் போட்டதில் ஒரே ஒரு படம் உங்களிடம் காட்டுகிற மாதிரி இருக்கிறது. அதில் வயிறு அழுக்காகத்தான் இருக்கிறது.

ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது மூன்று முட்டையும் பொரிந்தன. காலையில் போனபோது குஞ்சுகள் ஈரம் காய்ந்து, ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தன. பஞ்சு உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். பென்சில் கையில்தான் இருந்தது. போடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். தாய் ஒரு குரல் கொடுத்ததும் மூன்றும் தரையோடு படுத்துக்கொண்டன. அதற்கப்புறம் எனக்குக் கல்தான் தெரிந்தது. சாயங்காலம் அவை குட்டைப் பக்கம் போய்விட்டன. நாலாவதற்கு அந்தப் பறவையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை.

கோகுல் சொன்ன மாதிரியே ஆடி வந்துவிட்டது. ஆளுங்களும் போய்விட்டார்கள். ஆவணியில்தான் பூஜை போட்டோம். பொக்லைன் வந்து நின்றதும் நம் மகன் என்ன செய்தான் தெரியுமா? "அண்ணா, கொஞ்சம் ஆப் பண்ணுங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சரளைக் காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலை குனிந்தபடியே நடந்து பார்த்தான். இரண்டு தடவை நடந்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையைக் காட்டினான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று, நேற்று நடந்தது. முட்டை ஏற்றிக்கொண்டிருந்த கோகுல் பாதியில் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"மூச்சு வாங்குதா சாமி?"

"இல்லீங்கம்மா, வெயிலு."

நான் போகவில்லை. அவன் உதட்டைப் பார்த்தேன். நெற்றி வேர்வையைப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க? என்னைப் படம் போடப் போறீங்களா?"

மனுசனைப் போட எனக்கு வராது மாமா. ஆனால் பார்ப்பேன். அவன் உட்கார்ந்தால் எதற்கு உட்கார்ந்தான் என்று கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பாலுக்குத் திரும்புவேன். பால் பொங்கினால் பொங்கட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்களைப் பார்க்காமல் விட்ட
உங்கள் அத்தை மகள்,
கோகுலின் அம்மா,
பூங்கொடி