மேலூர் வழியாகத்தான் போவோம்

பரவை
செவ்வாய்க்கிழமை

என் தங்கம் தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தம்பி முத்துக்குமரன், அவன் பெண்டாட்டி பவதாரிணி, பிள்ளை யாழினி எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். கோயிலுக்குப் போய் நின்று சொல்லத்தான் எனக்கு வழியில்லை, உங்கப்பா போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. நினைத்த நேரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு இந்த அம்மா தபாலாபீசுக்கு நடந்தாள் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் அங்கே போய்ப் படித்துவிடாதே, வரிசையாக வா.

விசயம் உனக்குத் தெரிந்ததுதான். மெட்ராசுக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய தீம் பார்க்குக்கு எல்லாரும் வேன் வைத்துப் போகலாம் என்று நான் சொன்னதும், நீ வேண்டாம் என்றாய், உன் சித்தப்பா காளையும் வேண்டாம் என்றார். நீ மூட்டு வலியில் ஆரம்பித்து, பிரஷருக்குப் போய், வயசுக்கு வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஊரு என்னம்மா பேசும் என்றாய். அவர் எடுத்த எடுப்பிலேயே ஊரில் ஆரம்பித்தார், அம்புட்டுத்தான் வித்தியாசம். நாங்கள் போகிறோம். வருகிற சனிக்கிழமை விடியக் கிளம்பி ராத்திரிக்குள் செங்கல்பட்டு, ஞாயிறு முழுக்க பார்க், திங்கள் திரும்பி வருகிறோம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு என்று நீ தம்பியிடம் சொன்னாய், அவனும் சரிக்கா என்றான். அவன் உனக்கும் சரி என்பான் எனக்கும் சரி என்பான், அது அவன் பிறவிக் குணம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிக்கெட் அப்படியே இருக்கிறது.

வண்டி கிடைத்த கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போக வருசா வருசம் சோலை வேனைத்தான் பேசுவோம், பொங்கல் முடிந்த கையோடு சித்தப்பாதான் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார். இந்த வருசம் நம் வீட்டில் சாவு விழுந்துவிட்டது, பங்காளி ஒருத்தரும் வருசம் திரும்பும்வரை அந்தக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. இதை ஐப்பசியிலிருந்து எனக்குப் பாடம் எடுத்தவரே உன் சித்தப்பாதான், அங்க போகாதீக மதினி, இதத் தொடாதீக மதினி, வருசம் திரும்பல மதினி என்று வாய் ஓயாமல் சொன்னவர். அந்த மனுசன் இந்தப் பொங்கலுக்கும் பழக்கதோசத்தில் நேரே போய் சோலை கையில் அட்வான்சைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சோலையும் உங்கப்பாவுக்கு மாலை போட்டு விழுந்து அழுதவன்தான், அவனுக்கும் உறைக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டு வேறு ஆள் வந்து கேட்டபோதெல்லாம் இது காளையண்ணன் வீட்டுக்குப் பேசின வண்டி என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்து நின்று, எத்தன மணிக்கு வரட்டும் மதினி, கெடாவை மேல கட்டணுமா பின்னாடி ஏத்தணுமா என்று கேட்கிறான். உன் சித்தப்பா எதிரே நாற்காலியில் இருக்கிறார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன் பார், முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. உங்கப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்து, வண்டி வரட்டும் சோலை, போற எடத்த மட்டும் மாத்திக்கிருவோம் என்றேன்.

சித்தப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. மதினி, வருசம் திரும்பாம நீங்க போயி ராட்டினத்துல ஏறி ஆடுனீகன்னா அண்ணன் தெவசத்துக்கு நானும் வர மாட்டேன், பங்காளிக ஒருத்தனும் வந்து நிக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இது சின்ன வார்த்தை இல்லை செல்வி. வருகிற முதல் தெவசத்துக்கு உங்கப்பாவின் ரத்தம் வந்து நிற்காமல், பந்தலில் இலை காலியாகக் கிடந்தால் அதை நான் எப்படிப் பார்ப்பேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று கூட நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் உன் அத்தை ஒச்சாயி டி. கல்லுப்பட்டியில் இருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். யார் சொல்லிக் கேட்டாளோ, வீட்டுக்குள் கூட வரவில்லை, பையோடு நேரே காளை வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, டேய் காளை, செத்தது எனக்கும் அண்ணன்தான்டா, தீட்டை மறந்து சாமிக்கு வண்டி பேசுனது நீயி, மதினி மறக்காமத்தான் சாமி இல்லாத எடமாப் பாத்துப் போகுது, இதுல குத்தம் யாரு மேல, நானும் வாரேன், எனக்கொரு சீட்டு என்று தெருவே கேட்கச் சொல்லியிருக்கிறாள். சித்தப்பா வெளியே வரவில்லையாம், உள்ளே டிவி சத்தம் மட்டும் கூடியதாம். அவள் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்ததும்தான் எனக்குப் பசி எடுத்தது.

உன் தம்பி ஒரு யோசனை சொன்னான். அம்மா, இது அப்பாவோட ஆசைன்னு சொல்லிருவோம், கடைசியா பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகச் சொன்னாருன்னு சொன்னா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாக என்றான். உண்மைதான், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பவே வந்திருப்பார்கள். ஆனால் நான் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்றேன். உங்கப்பாவுக்கு அப்படி ஓர் ஆசை கிடையவே கிடையாது, அவருக்கு ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றும். சித்திரைத் திருவிழா சமயம் மதுரை தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் நான் ராட்டினத்தில் ஏறுவேன், அவர் கீழே என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது உன்னையும் ஒரு தோளில் போட்டுக்கொண்டு அப்படித்தான் நின்றார். போதும் இறங்குடி என்று ஒரு நாள் கூடச் சொன்னதில்லை, இன்னொரு சுத்து போறியா என்றுதான் கேட்பார். இது என் ஆசை. எனக்கு உயரத்தில் போனால் பிடிக்கும், வயிறு குளிர்ந்துபோய் மேலே நிற்கிற அந்த நொடி பிடிக்கும். செத்தவர் பெயரைச் சொல்லித்தான் ஒரு பொம்பளை ராட்டினத்தில் ஏற வேண்டுமா?

நீ கவலைப்படுவாய் என்று தெரியும், அதனால் இதையும் எழுதுகிறேன். டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. தலைகீழாகத் தூக்கிப் போடுமாமே, அதில் மட்டும் ஏறாதீங்க என்றார், ஏற மாட்டேன். தண்ணீரில் சறுக்குவதற்கு நைலான் துணிதான் போட வேண்டுமாம், சேலை கட்டினால் விட மாட்டார்களாம். எனக்கும் ஒச்சாயிக்கும் பவதாரிணி நைலான் சுடிதார் தைக்கக் கொடுத்துவிட்டாள். அளவு கொடுத்துவிட்டு வந்த சாயங்காலமே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, எதிர்வீட்டுக்காரி வந்து நிசமாவாக்கா என்று கேட்டாள், நிசம்தான் என்றேன், தைத்து வந்ததும் ஒரு தடவை போட்டே காட்டினேன். உங்கத்தை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இருந்து நகரவே மாட்டேன் என்கிறாள். பார்க்குக்குள் கட்டுச்சோறு விட மாட்டார்களாம், அதனால் போகிற வழிக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் துவையலும், துவரங்குறிச்சி தாண்டி நிழல் பார்த்து நிறுத்திச் சாப்பிட வேண்டியது. சோலைக்கு வழியில் கோபுரம் தெரிந்தால் கை தானாகத் திரும்பிவிடும், சாமி கும்பிடாமல் அவன் வண்டி ஓட்டியதே இல்லை. அவன் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வரட்டும், நான் வண்டியிலேயே இருப்பேன். சாமிக்கு நான் அடங்கித்தான் இருக்கிறேன் செல்வி, பூசாரியாக வருகிற ஆட்களுக்குத்தான் அடங்க மாட்டேன்.

போகிற பாதையிலும் ஒரு சண்டை. சித்தப்பா, போறதுன்னு ஆகிருச்சுன்னா திண்டுக்கல் வழியா சத்தமில்லாமப் போகச் சொல்லு, மேலூர்ல நம்ம சொந்தக்காரக கடை வரிசையா இருக்கு, எல்லாரும் பாப்பாக என்று தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் மேலூர் வழியாகத்தான் போவோம் என்றேன். பஸ் ஸ்டாண்டு எதிரே வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவேன். யார் கேட்டாலும் எங்கே போகிறேன் என்று சொல்வேன். நான் யார் வீட்டுப் பொருளையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

அங்கேயிருந்து உனக்குத் தெரியாது, இங்கே என்னைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். நான் சாதாரணமாகப் பேசினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போனால் தக்காளி விற்கிறவள், நீங்க எதுக்குக்கா வந்தீக, ஆள் அனுப்பக் கூடாதா என்கிறாள். உங்கப்பாவுக்காக அழ வேண்டியதை அழுதேன், இன்னும் அழுவேன், அதற்கு யாரும் எனக்கு நாள் குறித்துக் கொடுக்க வேண்டாம். ஆனால் நீயும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து பேசினாயே, அதுதான் எனக்கு வலித்தது. உங்கப்பா போனபோது உனக்கு லீவு கிடைத்து, பிளேன் கிடைத்து நீ வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மகள் முகம் பார்க்காமலே போயிட்டாரு என்று ஆரம்பித்தவர்கள் வாயை எல்லாம் நான் ஒருத்தியாக நின்று அடைத்தேன், உன் காதில் ஒரு சொல் விழ விடவில்லை. அப்போது ஊர் என்ன பேசும் என்று நான் உன்னைக் கேட்டேனா? தினமும் மாத்திரை போட்டியா என்று கேட்கிறாய், சாப்பிட்டியா என்று கேட்கிறாய். உனக்கு என்னம்மா வேணும் என்று இந்த நாலு மாசத்தில் ஒரு தடவை கேட்டிருந்தால், ராட்டினம் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும். சித்தப்பா மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவர் அண்ணன் போன துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் என்னைக் காவல் காக்கிறார். வேனில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு சீட்டு விட்டிருக்கிறேன், டிக்கெட்டும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு முக்கில் சோலை ஹாரன் அடிப்பான். ஏறினால் ஏறட்டும், ஏறாவிட்டால் அந்தச் சீட்டில் சோத்துச் சட்டியை வைத்துக்கொள்வோம். வந்தால் அவரைத்தான் கீழே நின்று என் செருப்பைப் பிடிக்கச் சொல்வேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க உங்கப்பா இல்லை என்பது ஒன்றுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது செல்வி, மற்றது எல்லாம் தாங்கிக்கொள்வேன்.

இனி, ஏன் கடிதாசி என்று சொல்கிறேன். அயர்லாந்துக்குத் தபால் போய்ச் சேர எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று தபால்தலை வாங்கி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று நீ போனில், போகலைல்லம்மா என்று கேட்டபோது நான் குழம்பு அடி பிடிக்குது என்று வைத்துவிட்டேன், நினைவிருக்கிறதா, நேற்று நான் குழம்பே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்திருப்பேன், அதற்கும் காரணம் இதுதான். பயந்துகொண்டு ஒளிக்கிறேன் என்று நினைக்காதே. உன் சித்தப்பா சொல்லி நான் நிற்க மாட்டேன், ஊர் சொல்லியும் நிற்க மாட்டேன். நீ போனில் அழுதாயானால் வண்டியில் ஏறின காலை எடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் இதை நீ படிக்கிற நேரம் நான் மேலே போய்க் கீழே இறங்கி வீடு வந்து சேர்ந்திருப்பேன். இனிமேல் கூப்பிட்டு எம்புட்டு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். திட்டி முடித்ததும், மேலே இருந்து பார்க்க எப்படி இருந்துச்சும்மா என்று ஒரு வார்த்தை கேள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், நினைத்தது கைகூடி நூறு வயசு இருக்க வேண்டும், உங்கப்பாவும் அதைத்தான் சொல்வார். எனக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிற நர்சம்மா, உன் இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே.

உன்னைப் பெற்றவள்,
சோணையம்மாள்