பழைய தெருவில் ஒரு வீடு

ஞாயிறு, இரவு

இரத்தினபுரியில் விலைக்கு வந்திருக்கும் அந்தப் பழைய வீட்டை இன்று நானும் இவரும் போய்ப் பார்த்தோம். வெள்ளைக்காரன் காலத்துத் தெரு. உயரமான கூரை, முற்றத்தில் ரம்புட்டான் மரம். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா டீ கொடுத்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். அந்தோனி, மேரி என்ற பெயர்களைக் கேட்டு எங்களையும் சிங்களவர் என்றே நினைத்துவிட்டார்.

"போன வாரம் தேயிலைத் தோட்டத்துத் தமிழாளுங்க வந்தாங்க. வித்தாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பக்கத்து வீட்டுல என் தங்கச்சி இருக்கா, பாருங்க" என்று சிரித்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் டீயைக் குடித்தார். நானும் குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "ஏங்க, நாமளும் அவங்கதான்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா வீடு கிடைக்குமா மேரி? உறுதிப் பத்திரம் எழுதி முடியட்டும். அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

மாலையில் தெரணியகலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணினாள். வீடு வாங்கியதும் எங்களோடு வந்து இருக்கப் போகிறவள்.

"பக்கத்து ஆளுங்க எப்படிம்மா? பழகுவாங்களா?"

"நல்லவங்கதாம்மா. வீட்டுக்கார அம்மா டீ எல்லாம் குடுத்தாங்க."

"அப்ப அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ. அந்த அம்மாகிட்ட நானும் ரெண்டு வார்த்த பேசணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். அம்மா வாயைத் திறந்தால் போதும், தோட்டம் தெரிந்துவிடும். அவளைக் கூட்டிப் போகாமலிருக்க என்ன சொல்லலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெற்ற தாயிடம்.