சிமெண்ட் பூச வேண்டாம், அண்ணா

கிரிம்ஸ்பி
ஜூன் 14

அன்புள்ள ஷிங்கிராய் அண்ணாவுக்கு,

செனேசாய் எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணியும், உங்களிடம் வளரும் என் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். ஊருக்கு வரும் தோழி ரூடோவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் என்றால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நீங்கள் கேட்டது காதிலேயே இருக்கிறது. "வெள்ளைக்காரக் கிழவிங்களக் குளிப்பாட்ட நேரமிருக்கு, பெத்தவளுக்கு மண்ணு போட நேரமில்லையா?" என்றீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

நடந்தது இதுதான். முன்பு இந்த நாட்டில் விசாவுக்கு ஒரு அட்டை இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டார்கள், எல்லாம் போன் திரையில்தான். பிப்ரவரியில் வந்த என் புது பாஸ்போர்ட்டை அதில் சேர்க்காமல் வெளியே போனால், திரும்பும்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சேர்க்க ஒரு ரகசிய எண் அனுப்புவார்கள். அது போவது உங்கள் பழைய நம்பருக்கு. முதலில் விசாவுக்கு விண்ணப்பித்தபோது எனக்கு இந்த ஊர் நம்பர் கிடையாது, அதனால் படிவத்தில் உங்கள் நம்பரை எழுதினோம். அந்த சிம்மைப் போன வருஷமே தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னார். நம்பர் மாற்ற மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அம்மாவின் அடக்கத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

துணிந்து கிளம்பிவிடலாமா என்று எங்கள் முதியோர் இல்லத்தின் மேனேஜர் ஜூலியிடம் கேட்டேன். நல்ல மனுஷி. "நாட்டுக்குள்ள இருக்கிறவரைக்கும் விசாவுக்கு உன் பழைய சம்பளமே போதும். வெளிய போய் மாட்டிக்கிட்டா நீ புது ஆளு. புது ஆளுக்கு விசா வேணும்னா அரசாங்கம் இப்ப ஏத்தி வெச்சிருக்கிற சம்பளத்தை என்னால குடுக்க முடியாதும்மா" என்றாள். பிள்ளைகளை நினைத்தேன். துணிப்பெட்டியை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

அடக்கத்தை இல்லத்தின் மருந்து அறையில் நின்று போனில் பார்த்தேன். சவப்பெட்டி குழியில் இறங்கும்போது படம் நின்றுவிட்டது. பிறகு டோரீன் பாட்டிக்குத் தலை வாரப் போனேன். தொண்ணூற்றொரு வயது, வாய் மட்டும் ஓயாது. "யாருடி செத்துட்டா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?" என்று சிரித்தாள். யாரும் இல்லை என்றேன். அம்மா இருந்திருந்தால் அந்தப் பொய்க்கு அடித்திருப்பார்.

உங்கள் மேல் குறையில்லை அண்ணா. அந்த விண்ணப்பத்துக்காக ஹராரேயில் மூன்று நாள் வரிசையில் நின்றவர் நீங்கள்தான்.

நேற்று எல்லாம் சரியாகிவிட்டது. திரையில் என் முகமும் புது பாஸ்போர்ட் எண்ணும் வந்துவிட்டன. இனி நான் போகலாம், வரலாம். ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் சமாதிக்குச் சிமெண்ட் பூசப் போவதாக அண்ணி சொன்னார். ஆகஸ்டு வரை பொறுங்கள். அடக்கத்துக்கு வராதவர்கள் பிறகு வந்து சமாதியில் வைக்கும் கல்லை, நம் வழக்கப்படி நானும் அம்மாவுக்கு வைக்க வேண்டும். சிமெண்டின் மேல் வைத்தால் பதியாமல் உருண்டு போய்விடும். மண்ணில் வைக்க விடுங்கள்.

கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
செனேசாய்