விருந்தாளிகளுக்கு அடித்த சுண்ணாம்பு

நவம்பர் 3
வரும் வியாழன் போர்ச்சுகல் எம்.பி.க்கள் மூன்று பேர் வருகிறார்கள். ரஷ்ய ஏவுகணை எங்கள் துணை மின்நிலையத்தை என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்று நேரில் பார்க்க. மனம் இறங்கினால் அவர்கள் நாட்டில் சும்மா கிடக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று இங்கே வரும். எங்கள் நாட்டின் அமைதித் திட்டத்துக்கும் அவர்கள் நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடுவார்கள். இல்லையென்றால் பாதி ஊருக்குக் குளிர்காலம் முழுக்க இருட்டுதான். விளக்கிச் சொல்வது என் வேலை. ஆங்கிலம் பேசும் மின்பொறியாளர் இங்கே நான் ஒருவன்தான்.

நவம்பர் 6
மேயர் ஹலீனா ஸ்டெபானிவ்னா தெருவோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார். மரங்களுக்கும். பெரிய மனிதர்கள் வந்தால் போதும், எங்கள் நாட்டுக்கே இந்த வியாதி.

நவம்பர் 8
தலை வெடிக்கிறது. மின்நிலையத்தில் எரிந்த டிரான்ஸ்பார்மரைக் காணோம்! கிரேன் வைத்துத் தூக்கி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். குண்டு விழுந்த பள்ளத்தை மூடி, சரளை பரப்பி, நடுவில் — பூந்தொட்டி.

"அவங்க பார்க்க வர்றதே அந்தக் குப்பையைத்தான், ஹலீனா ஸ்டெபானிவ்னா!"

"கத்தாதே ஒஸ்தாப். விருந்தாளி வர்றப்ப வீட்டைக் கூட்டாம வைப்பாங்களா?"

"சேதம் எங்கேன்னு கேட்டா?"

"நீ சொல்லு. வாய்க்கு என்ன குறைச்சல் உனக்கு?"

கிரேன் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை.

நவம்பர் 9
கேட்டார்கள். மூவரில் மூத்தவர், லியோனோர் அம்மா: "சேதம் எங்கே?"

பூந்தொட்டியைக் காட்டினேன். காது சுட்டது.

அவர் களைத்துப்போய் ஒரு மரத்தில் சாய்ந்தார். கறுப்புக் கோட்டு முதுகெல்லாம் வெள்ளை. "ஈரமா இருக்கே! எப்ப அடிச்சீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "காலைல. நீங்க வர்றீங்கன்னு."

"அந்த டிரான்ஸ்பார்மர்?"

"நேத்து அள்ளிட்டாங்க. நீங்க வர்றீங்கன்னு."

"பள்ளம்?"

"அதுவும்தான்."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அழிந்த ஊரைப் பார்க்க வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்புகிறோம். நாசம்.

சாப்பாட்டு நடுவே கரண்ட் போனது. நாங்கள் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு போர்ஷ் சூப்பைத் தொடர்ந்தோம். விருந்தாளிகள் மட்டும் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "எந்த மாதிரி அமைதி வேணும் உங்களுக்கு?" என்று இருட்டில் லியோனோர் அம்மா கேட்டார்.

மேயர் சொன்னார்: "ரஷ்யாக்காரங்க அவங்க வீட்டுக்குப் போகட்டும். இனி வரமாட்டோம்னு உலகம் பார்க்கக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் நான் பூந்தொட்டி வாங்குறது பூவுக்காக மட்டும் இருக்கட்டும்."

மொழிபெயர்க்கும்போது பூந்தொட்டியை ஏன் இரண்டு தடவை சொன்னேன்? குளிர்தான்.

நவம்பர் 10
போய்விட்டார்கள். டிரான்ஸ்பார்மர் போச்சு.

நவம்பர் 29
டிரான்ஸ்பார்மர் போகவில்லை! லியோனோர் அம்மா அதே கோட்டோடு, துடைக்காமல், நாடாளுமன்றத்தில் முதுகைத் திருப்பிக் காட்டினாராம். "குண்டு விழும் ஊரில் எங்களுக்காக அடித்த சுண்ணாம்பு இது. இவர்களை நிம்மதியாக விருந்து வைக்க விடுங்கள்." டிரான்ஸ்பார்மருக்கும் ஓட்டு, அமைதித் திட்டத்துக்கும் ஓட்டு.

மேயர் போன் பண்ணினார். "என்னடா, இஞ்சினீயர், என் சுண்ணாம்பு வேலை செஞ்சுதா?"

"தற்செயல்" என்றேன். சிரித்தே என்னைக் கொன்றார்.

ஜனவரி 17
நாளை டிரான்ஸ்பார்மர் வருகிறது, லியோனோர் அம்மாவும். முழங்கால் வரை பனி. "பனியில சுண்ணாம்பு யார் கண்ணுக்குடா தெரியும், விடு" என்கிறார் மேயர்.

அதெப்படி விடுவது? உறையாமலிருக்க வெந்நீரில் உப்புப் போட்டுச் சுண்ணாம்பு கலக்கினேன். மின்நிலைய வாசல் வரை முடித்தாயிற்று. டைரியின் இந்தப் பக்கமெல்லாம் வெள்ளை விரல்தடம்.