ரோட்டருக்கு ஒரு பெட்டி

மச்சான்,

இன்று காலை என் மனைவி சேர்ட் தோய்க்கப் போய், பொக்கட்டுக்குள் கிடந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். எப்போதும் வைப்பதுதான். இன்றைக்கு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள். "இது பச்சை கக்குது. மூணு சேட்டும் கறையாப் போயிட்டு. இன்னும் எத்தினை வருசத்துக்குக் கொண்டு திரியப் போறீங்க?" பதிலுக்கு நிற்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

கட்டைவிரல் அளவில் ஒரு கறுத்த துண்டு, நுனியில் சின்னப் பித்தளைத் தகடு. உன் பழைய லொறியின் ரோட்டர். அந்தக் காலத்துப் பெற்றோல் இஞ்சினில் இது இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வண்டி உயிர் பிடிக்காது. உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கே ஒருதரம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த லொறி உன் அப்பா விட்டுப்போனது. நீண்ட மூக்கும் மரப் பெட்டியுமாக, எங்கள் ஆரையம்பதி றோட்டில் வந்தால் சத்தத்தை வைத்தே நீ வருகிறாய் என்று சொல்லிவிடுவார்கள். வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் அறுவடை முடிந்தால் நீ ஓட்டுவாய். நான் பக்கத்தில் இருந்து, யாருடைய நெல் முதலில் ஏறுவது என்று கமக்காரர்களோடு சண்டை பிடிப்பேன். நம்முடைய தொழில் அவ்வளவுதான். அதில் உனக்கு நல்ல பெயரும் எனக்குக் கெட்ட பெயரும் கிடைத்தன. அதுவும் நியாயம்தான்.

அந்த நாட்களில் வாகனம் வைத்திருந்தவன் எல்லாம் பயந்துதான் கிடந்தான். துவக்கோடு வந்து வண்டித் திறப்பைக் கேட்பார்கள். எந்தப் பக்கத்தார் வந்தாலும் திறப்பைத்தான் கேட்பார்கள். கொடுத்தால் வண்டி போகும், கொடுக்காவிட்டால் ஆள் போவான். அதனால் பொழுதுபட்டதும் நீ ரோட்டரைக் கழற்றி என்னிடம் தந்துவிடுவாய். உன் வீட்டில் வைத்திருந்தால் அடிக்கு அஞ்சி எடுத்துக் கொடுத்துவிடுவாய். என்னிடம் இருந்தால், வண்டி ஓடாது, சாமான் என்னிடம் இல்லை என்று நீ கும்பிட்டுச் சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை. விடிந்து ஆறு மணிக்கு நான் சைக்கிளில் கொண்டுவந்து தருவேன். சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த காலத்திலும் இந்தப் பழக்கத்தை நாம் விடவில்லை. "என்ட லொறிட உயிர் உன்ட பொக்கட்டுக்க இரிக்கு மச்சான், கவனம்" என்று ஒருதரம் சொன்னாய். நான் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத நாளில் ஆறு மணிக்குப் போய் என்ன செய்ய என்று நான் படுத்துக் கிடந்தேன். எட்டரை மணிபோலச் சைக்கிளை எடுத்தேன். ரோட்டர் பொக்கட்டில் இருந்தது. ஆனால் சைக்கிளை உன் வீடு இருந்த கடற்கரைப் பக்கம் திருப்பவில்லை, வாவிக்கரைப் பக்கம் திருப்பினேன். துறையில் நல்ல இறால் பட்டிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

கடல் பொங்கி முதல் தண்ணீர் முற்றத்துக்கு வந்தபோது நீ தங்கச்சியையும் மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் லொறிப் பெட்டிக்கு மேலே ஏற்றினாய். உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அந்த வளவில் உயரமானது லொறிதான். அதை உயிர்ப்பித்தால் எல்லோரையும் பெரிய றோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று, ரோட்டரைத் தேடி என் வீட்டுக்கு ஓடினாய். நான் அங்கே இல்லை. என் மனைவி உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். நீ திரும்பி ஓடும்போது சந்தியில் என்னைக் கண்டாய். சனம் ஓடுவதைப் பார்த்து நானும் துறையிலிருந்து விழுந்தடித்து வந்திருந்தேன். இறால் பையை வேலிக்குள் எறிந்துவிட்டுத்தான் உன் முன்னால் வந்தேன். அவ்வளவு பதற்றத்திலும் அதை எறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

"உன்ட வீட்டதான் வந்துகொண்டிருந்தனான்" என்றேன்.

நீ கையை நீட்டினாய். நான் பொக்கட்டுக்குள் கையை விட்டேன். அப்போதுதான் இரண்டாவது தண்ணீர் வந்தது, கடற்கரைப் பக்கத்து ஓட்டுக் கூரைகளுக்கு மேலால், கறுப்பாக. நீ அதைப் பார்த்து ஓடப் போனாய். நான் உன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். விடச் சொல்லி என் தோளைக் கடித்தாய். நான் விடவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று பிறகு பலர் சொன்னார்கள். அது நல்ல காரியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லொறி தென்னைகளுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது. தங்கச்சியும் மகளும் மூன்றாம் நாள்தான் கிடைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் தென்னையில் தொங்கிப் பிழைத்தாள். முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கச்சியின் தமையன்மார் உன்னைச் சுற்றி நின்று, "ரோட்டர் ஆரிட்ட இருந்த?" என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவன் கொண்டுதான் வந்தவன். வழியில தண்ணி வந்திட்டு."

அந்த நேரம் எனக்கு மூச்சு வந்தது, மச்சான். உன் மனைவியும் பிள்ளையும் மண்ணுக்குள் போய் ஒரு கிழமை ஆகவில்லை, நான் தப்பிவிட்டேன் என்று மூச்சு விட்டேன். என் மனைவி உன்னிடம் என்ன சொன்னாள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து நீ வந்து வாசலில் நின்றாய். "லொறியக் கட்டப் போறன். நீயும் வாகா" என்றாய். புதிதாக ஒன்று எடுத்துத் தர ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நீ யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. காத்தான்குடியில் பழைய வாகனங்களைப் புதிதாகக் கட்டித் தரும் அந்தப் பெரிய கராஜுக்குத்தான் போனோம். அங்கே பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமைத் தொழிலாளி கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு லொறியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"இத இரும்புக்குப் போடுறதுதான் புத்தி, தம்பி. இல்ல, கட்டத்தான் வேணுமெண்டா அரைகுறை வேலை நம்மட்ட இல்ல. கடைசி ஆணி வரைக்கும் கழட்டி, மறுகா முதல் ஆணியில இரிந்து கட்டுவன். ஒரு வருசம் போகும்."

"போகட்டும் பாஸ்" என்றாய்.

கழற்றக் கழற்ற மண் கொட்டியது. ரேடியேட்டரிலிருந்து, இருக்கைக்குள்ளிருந்து, இரும்புச் சட்டத்தின் பொந்துகளிலிருந்து. சுத்தியலால் தட்டுந்தோறும் வெள்ளை மணல். கராஜ் ஆட்களைக் கூட்ட விடாமல் நீயே குந்தியிருந்து கூட்டிச் சாக்கில் அள்ளினாய். அந்தச் சாக்கை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்காமல் விட்டவை அப்படி நிறைய.

பாஸுக்கு ஒரு முறை இருந்தது. ஆளுக்கு அளவெடுக்காமல் அவர் கெபின் கட்டமாட்டார். நாலு கல்லுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் உன்னை இருக்க வைத்து, வெறும் ஸ்டியரிங் வளையத்தைக் கையில் தந்து, காலை நீட்டு, கையை மடக்கு என்று தையற்காரன் மாதிரி அளந்தார். சுண்ணக்கட்டியால் நிலத்தில் குறித்தார். குறித்துவிட்டு நிமிராமலே, "பக்கத்தில ஆர் இரிக்கிற?" என்று கேட்டார்.

பழைய லொறியில் ஞாயிறு பின்னேரங்களில் அந்தப் பக்கம் தங்கச்சி இருப்பாள், மடியில் மகள். நீ வளையத்தை ஒருதரம் வெறுமனே திருப்பினாய். பிறகு தலையை என் பக்கம் அசைத்து, "இவன்தான்" என்றாய். நான் வந்து பலகையில் உன் பக்கத்தில் குந்தினேன். பாஸ் என் முழங்காலுக்கும் அளவெடுத்தார்.

அன்றைக்குத்தான் திறப்புக் கதையும் வந்தது.

"திறப்பு வேணாம் பாஸ். ஒரு பட்டன் வைங்க. ஆர் ஏறி அமத்தினாலும் ஸ்டார்ட் ஆகவேணும்."

"திறப்பில்லாத லொறியா? கண்டவனெல்லாம் கொண்டு போயிருவானே."

"கொண்டு போகட்டும். புது ரோட்டரையும் இனி ஒருத்தரும் கழட்டுறல்ல."

நீ என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் கன்னத்தில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. "நீ போய் ரீ குடிச்சிட்டு வாகா, பாஸோட ஒரு கதை இரிக்கு" என்று என்னை அனுப்பினாய். போய்க் குடித்தேன். திரும்பி வந்தபோது பாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்ன கதை என்று அதையும் நான் கேட்கவில்லை.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் போனது. லொறி வெளியே வந்த நாளில் கராஜில் வேலை நின்றுவிட்டது. அதே நீண்ட மூக்கு, அதே இளநீலம், முதிரை மரப் பலகையில் பெட்டி, கதவைச் சாத்தினால் பெட்டகம் சாத்துகிற சத்தம். முன்பலகையில் பிள்ளையின் பெயரை எழுதுவோமா என்று பாஸ் கேட்டார். "வேணாம், வெறுமையா விடுங்க" என்றாய். நான் ஏறி என் இருக்கையில் இருந்தேன். முழங்காலுக்கு நேரே, மூடியோடு ஒரு சின்ன மரப்பெட்டி பதித்திருந்தது. மூடிக்கு மேலே களுதாவளைப் பிள்ளையாரின் படம். திருநீற்றுப் பெட்டியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கச்சியுடைய ஏதாவது உள்ளே இருக்குமோ என்றும் நினைத்தேன். அதனால் தொடவில்லை. எத்தனையோ ஓட்டம் என் முழங்கால் அந்த மூடியில் இடித்துக்கொண்டே வந்தது.

பிறகு படுவான்கரையில் மறுபடி சண்டை மூண்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் சட்டி பானையோடு நடக்கத் தொடங்கியது. நமக்கு நெல் தந்த சனம். நீ என்னை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போய் ஏற்றி வந்தாய். மூன்றாம் தரம் போகும்போது பாலத்தடியில் நிறுத்தி, "நீ இறங்கு. உன்ட இடத்தில ரெண்டு பிள்ளையள் இரிக்கும்" என்றாய். நான் இறங்கினேன். நியாயமாகத்தான் பட்டது.

பின்னேரம் லொறி திரும்பி வந்தது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து. ஓட்டி வந்தவன் வெல்லாவெளிக் கமக்காரன் ஒருவன். உழவு மெஷினைத் தவிர வேறொன்றும் ஓட்டாதவன். "ஷெல் விழுந்திச்சு. அவர் வெளியில நிண்டவர். நான் ஏறிப் பட்டன அமத்தினன், ஸ்டார்ட் ஆகிட்டு" என்றான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். எங்கிருந்து வந்த ஷெல் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் நாற்பது பேர் உயிரோடு இருந்தார்கள். பின்பலகையோரம் நெல்லுச் சாக்கின் மேல் நீ கிடந்தாய். யாரோ ஒருத்தி தன் சேலையால் உன்னை மூடியிருந்தாள்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, லொறியில் விழுந்த ஓட்டைகளை அடைக்கப் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் வேலையைத் தொடங்கவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே விரலால் காட்டினார்.

"இத நீங்க ஒருநாளும் திறக்கல்லையா?"

"இல்ல பாஸ். திருநீறு எண்டு நினைச்சன்."

அவரே மூடியைத் தூக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. முழு முதிரைக் கட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குடைவு. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தகட்டுக்குச் சின்ன வெட்டு. அது என்ன உருவம் என்று எனக்கு ஒருவர் சொல்லத் தேவையில்லை.

"அண்டைக்கு உங்களை ரீ குடிக்க அனுப்பிட்டுச் சொன்னவர்" என்றார் பாஸ். "'அவன்ட பக்கம் ஒரு பெட்டி வைங்க பாஸ். பழைய ரோட்டர் அவன்ட பொக்கட்டுக்கதான் கிடக்கு. அண்டைக்கு இறால் வாங்கப் போனவன். என்னட்ட அத அவன் வாயால சொல்லுற நாளைக்கு, அவனே கொண்டுவந்து இதுக்குள்ள வைக்கட்டும்' எண்டார்."

என் கை தானாகப் பொக்கட்டுக்குப் போனது.

"நான் கேட்டன் தம்பி, 'அவர் சொல்லாட்டி என்ன செய்வீங்க' எண்டு. சிரிச்சார். 'சொல்லாட்டியும் பரவாயில்ல, பக்கத்தில இரிக்கட்டும்' எண்டார்."

யுத்தம் முடிந்தது. கடற்கரையில் புதுவீடுகள் வந்தன. லொறி என்னிடம்தான் இருக்கிறது. பாஸிடம் வருடத்துக்கு ஒருதரம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அந்தக் குடைவில் ரோட்டரை ஒருதரம் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. உடனே எடுத்துவிட்டேன். உன் கணக்குப்படி அதை வைக்கிற தகுதி எனக்கு வரவில்லை. முழங்கால் தொடுகிற தூரத்தில் நீ ஒரு வருடம் எனக்காகக் காத்திருந்தாய், நான் நெல்லையும் மழையையும் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தேன்.

நான் இறால் வாங்கப் போயிருந்தேன், மச்சான். ரோட்டர் பொக்கட்டில் கிடக்க, துறையில் நின்று இறால் நிறுத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கண்டதும் பையை எறிந்துவிட்டுப் பொய் சொன்னேன்.

எழுதிவிட்டேன். வாயால் சொன்னதாக இது ஆகாது என்று எனக்குத் தெரியும். இந்தக் கடுதாசியை மடித்து அந்தப் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன். மனைவி காய்ந்த சேர்ட்டைக் கதிரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கறை போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, ரோட்டரை எடுத்து மறுபடி பொக்கட்டில் வைத்துக்கொண்டேன்.