பௌர்ணமி வருமானம்

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டபடி கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பை இரண்டு இடங்களில் விசாரித்தேன். தனியார் கல்லூரியில் கட்டணம் மூன்று மடங்கு. முடித்தவர்கள் வாங்கும் சம்பளமோ ஏறக்குறைய ஒன்றுதான். அரசுக் கல்லூரியே போதும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"முடிச்சா எவ்ளோ குடுப்பாங்க?" என்றார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இவ்ளோ படிச்சிட்டு இதானா? நம்ம மாடு கோமதி ஒரே பௌர்ணமில இதவிட ஜாஸ்தி சம்பாதிக்குது."

பொய்யில்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு கிரிவலக் கூட்டம் பெருகிவிட்டது. நம்மிடம் அகத்திக்கீரைக் கட்டை வாங்கி, புண்ணியம் என்று ஆளாளுக்கு அவள் வாயில் திணிக்கிறார்கள். போன பௌர்ணமியில் கோமதிக்கு இடப்பக்க வயிறு கல்லாக உப்பிவிட்டது.

"அவுத்துடலாம்ப்பா" என்றேன்.

"கூட்டம் போவட்டும்."

கூட்டம் குறைந்த பிறகு எண்ணெய் புகட்டி, நடக்க வைத்து, எப்படியோ தேற்றினேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, உனக்குத்தான் எல்லாம் தெரியுதே. காலேஜ் எதுக்கு?"

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ அட்மிஷனுக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அதில் அப்பா இன்னொரு மாடு வாங்கியிருக்கிறார். பரம சாது. பாசத்தில் அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால் நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உன் தங்கை