டீயில் கருத்த மாத்திரை

அனுப்புநர்
கொ. உத்திராபதி (வயது 67),
கீழத்தெரு, கோரைக்குறிச்சி,
தா.பழூர் வழி, உடையார்பாளையம் வட்டம்,
திருச்சி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் மருமகள் சிந்தாமணியின் கர்ப்பிணி அட்டையில் உள்ள தவறான குறிப்பை அடிப்பது, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கலாமா என்று விசாரிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மருமகள் சிந்தாமணியைப் பொய்க்காரி என்று அரசாங்க அட்டையில் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் அம்மாள் இம்மாதம் 3ஆம் தேதி, "மாத்திரை சாப்பிடுவதில்லை, வீசிவிடுகிறார்" என்று சிவப்பு மையில் எழுதி, மேற்கொண்டு மாத்திரை தரவும் மறுத்துவிட்டார். சிந்தாமணிக்கு இது எட்டாம் மாதம். முதல் பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போய், உயிர் தப்பியதே பெரிது என்றிருந்தவள். இப்போது நடவு வயலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள்.

2. செவிலியர் அம்மாள் அப்படி நினைக்கக் காரணம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. எழுபது நாள் மாத்திரை கொடுத்தும், கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு மாறவே இல்லை. "எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு, இங்க வந்து தலை சுத்துதுன்னு நிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்கக்கா, எங்க மாமாதான் தெனம் எடுத்துக் குடுக்குறாங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "அப்ப ஒன் மாமாவையே வந்து பிரசவம் பாக்கச் சொல்லு" என்று பதில் வந்திருக்கிறது. வரிசையில் நின்ற பத்துப் பெண்களும் சிரித்திருக்கிறார்கள். பிரசவத்துக்குக்கூட அந்தப் படி ஏற மாட்டேன் என்று இப்போது சொல்கிறாள். எனக்குள்ள அச்சம் இதுதான்.

3. அந்த மாமா நான்தான். என் மகன் நெய்வேலியில் வேலையாக இருப்பதால் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. எழுபதும் என் கண்ணெதிரே விழுங்கினாள். மாத்திரை உள்ளே போனால் மலம் கருப்பாகும் என்று முன்பு செவிலியர் அம்மாளே சொன்னார். அவ்வாறே ஆகிறது என்பதற்கு என் மனைவி வேம்பு சாட்சி. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

4. அப்படியானால் மாத்திரை எங்கே போயிற்று? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறது என்று அவள் சொன்னதால், வீரமுத்து டீக்கடையில் நல்ல கெட்டியான டீயாக வாங்கி வந்து, அதில் விழுங்கச் சொன்னவன் நான். வயலில் நடவுக்காரப் பெண்களுக்கு இரண்டு வேளை கொடுப்பதும் டீதான்.

5. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. இளம் வயதில் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டில் கடுக்காயும் அன்னபேதியும் போட்டு எழுதும் மை காய்ச்சிக் கொடுத்தேன். அங்கேதான் எழுத்தும் பழகினேன். கடுக்காயின் துவர்ப்பு அன்னபேதியில் உள்ள இரும்பைப் பிடித்தால்தான் மை கருக்கும். டீயிலும் துவர்ப்பு இருக்கிறதே என்று யோசித்தேன். அந்த எழுபது போக, டப்பாவில் உடைந்து கிடந்த இரண்டு மாத்திரைகளை மேல்பூச்சு சுரண்டிப் பொடித்து நான்கு டம்ளர்களில் போட்டேன். தண்ணீரில் லேசான பழுப்பு. நீராகாரத்திலும் பெரிய மாற்றமில்லை. பால் டீ சாம்பல் நிறமானது. பால் விடாத டீ, கண்ணிமைக்கும் நேரத்தில் கருத்து மையாகிவிட்டது. பேனாவைத் தொட்டு எழுதினேன். எழுதியது பத்து நாளாக அழியவில்லை.

6. டம்ளரில் நடந்தது வயிற்றிலும் நடக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சாதிக்கவும் மாட்டேன். ஆனால் மையாகிப்போன இரும்பு இரத்தமாகுமா? பால் சேர்த்தால் தீங்கு குறையுமா? மாத்திரைக்கும் டீக்கும் எத்தனை மணி இடைவெளி வேண்டும்? சோற்றோடு டீ குடித்தால் சோற்றின் சத்தும் இப்படித்தான் போகுமா? செவிலியர் அம்மாளிடம் கேட்டேன். "பெரியவரே, டீ குடிச்சு யாரு செத்தா?" என்றார். நான் கேட்டது அதுவல்ல.

7. ஆகையால் கீழ்க்கண்டவை நடக்க வேண்டும்:

தாங்கள் ஒரு மருத்துவரை அனுப்பி என் நான்கு டம்ளர்களையும் பார்வையிடச் செய்து, மேற்படி கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

மாத்திரையை எதோடு விழுங்கக் கூடாது என்பதைச் செவிலியர்கள் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சிந்தாமணிக்கு உடனே மாத்திரை தர வேண்டும். அதைத் தண்ணீரில் கொடுப்பது என் வேலை. வயலில் அவளுக்கு டீ தராமல் கூழ் தருவதாக நடவு வைத்த வயல்காரர் நல்லதம்பி ஒப்புக்கொண்டுவிட்டார்.

சிவப்பு வரியை எழுதிய கையே அதை அடிக்க வேண்டும், அந்தப் பத்துப் பெண்களும் வரும் நாளில். அடித்த இடத்தில், "டீயோடு கொடுத்தது மாமனார் உத்திராபதியின் தவறு" என்று எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. அதன் பிறகு அவளை அந்தப் படியேற்றிக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இடம்: கோரைக்குறிச்சி
நாள்: 17.10.1983

இப்படிக்கு,
கொ. உத்திராபதி

(கையொப்பம் மட்டும் மேலே சொன்ன டம்ளர் மையால் இடப்பட்டது. தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்க்கவும்.)